கதிர்காமப் பாதையின் அடிநிலம்

வைகாசி பிறக்கும் வேளையில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து ஒரு கூட்டம் வேலை முன்னே ஏந்தி வெளிக்கிடும். தோளில் சிறு மூட்டை. பலர் காலில் செருப்புக்கூட இருக்காது. ஒருவரையொருவர் 'சாமி' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். வடமராட்சி கிழக்கின் மணலில் இறங்கி, சுண்டிக்குளம், முல்லைத்தீவு, கொக்கிளாய் என்று வன்னியின் கிழக்குக் கரையை நெடுக நடந்து, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் கடந்து, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, ஆடித் திருவிழாக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச் சேருவார்கள். தூரம் 500 கிலோமீற்றருக்கு மேல். போய்ச்சேர ஒன்றரை மாதமளவு ஆகும். யோகர் சுவாமி 1910ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியே நடந்து கதிர்காமம் போனார். அவருக்கு முன்னும் பின்னும் பெயர் பதியாத ஆயிரமாயிரம் பேர் நடந்திருக்கிறார்கள்.

இந்த நடையைப் பற்றி எழுதியவர்கள் பக்தியையே எழுதினார்கள். அது நியாயம். நேர்த்தி இல்லாமல் யாரும் இவ்வளவு தூரம் கால்தேய நடப்பதில்லை. ஆனால் இந்தப் பாதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இதை எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுக்கவில்லை. எங்கே கரையைப் பிடிப்பது, எங்கே உள்ளே திரும்புவது, எந்த மாதத்தில் புறப்படுவது, எந்த இடத்தில் இரவு தங்குவது என்பதையெல்லாம் பாறையும் மணலும் காற்றும் நன்னீரும் சேர்ந்துதான் தீர்த்திருக்கின்றன. இலங்கையின் உலர்வலயம் எப்படி ஆனது என்பதை ஒரே நீட்டில் காட்டக்கூடிய வேறு நடைவழி இந்தத் தீவில் இல்லை என்பது என் எண்ணம். அதில் அதிகம் பேசப்படாத பகுதி வன்னி. அதனால் அங்கேதான் நெடுநேரம் நிற்கப் போகிறேன்.

புறப்படும் இடம் சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் சிப்பியும் பவளமும் படிந்து உருவான கல். புவியியலாளர் அந்தக் காலத்தை மயோசீன் என்பார்கள். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் குகையும் துவாரமும் ஆக்கியிருப்பதால்தான் யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லாமல் கிணறு இருக்கிறது. தெற்கே வரவர இந்தக் கல் மெலிந்து, வன்னியின் வடபகுதியில் முடிந்துபோகிறது. அதற்கு அடியிலிருந்து, பளிங்குத் துகள்கள் மின்னும், வரிவரியான ஒரு பழம்பாறை மேலே வருகிறது. இரண்டுக்கும் இடையிலான வயது வித்தியாசம் கோடிக்கணக்கில். மேலே மண் மூடியிருப்பதால் அந்த எல்லையை நடப்பவர் கண்டுகொள்ள மாட்டார். குடியிருப்புகளைப் பார்த்தால்தான் தெரியும்: குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறு, வன்னியில் ஊருக்கு ஊர் குளம். இறுகிய பழம்பாறை நீரைத் தனக்குள் அதிகம் வாங்கி வைப்பதில்லை. மேலே ஓடுவதைத்தான் அணை கட்டி மறிக்க வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம் எல்லாம் பாறையின் இந்தக் குணத்துக்கு மனிதர் கொடுத்த மறுமொழி.

யாத்திரையின் பழைய தடம் இந்தக் குளங்களின் பக்கம் அதிகம் போவதில்லை. அது கரையோடு போகிறது. சுண்டிக்குளத்திலிருந்து தெற்கே வன்னியின் கிழக்குக் கரை நீண்ட ஒரு மணல் வரம்பு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறுபக்கம் வரிசையாகக் களப்புகள்: சுண்டிக்குளம், சாலை, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய். வன்னியின் ஆறுகள் நேரே கடலில் விழுவதில்லை. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிவிட்டு மிச்சத்தைச் சுண்டிக்குளத்தில் கொட்டுகிறது. பேராறு முத்தையன்கட்டைத் தாண்டி நந்திக்கடலுக்கு வருகிறது. களப்பு நிரம்பி வழியும்போதுதான் மணலை உடைத்துக்கொண்டு நீர் கடலைத் தொடும். அந்த வாயைத்தான் எங்களூரில் தொடுவாய் என்கிறோம்.

மாரியில் இந்தக் கரையால் நடக்க முடியாது. ஐப்பசி தொடங்கித் தைவரை வெள்ளம் தொடுவாய்களைத் திறந்து வைத்திருக்கும். மழை ஓய்ந்ததும் கதை மாறும். அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மோதுவதால், ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைக் கரையோடு இழுத்து நகர்த்துகிறது. ஆற்றில் அதைத் தள்ளிவிடும் விசை இல்லாதபோது அந்த மணல் வாயின் குறுக்கே படிகிறது. உலகின் பல கழிமுகங்களில் வற்றுப்பெருக்கு நாள்தோறும் இரண்டு முறை உள்ளேயும் வெளியேயும் ஓடி வாயைத் துப்புரவாக வைத்திருக்கும். இலங்கையைச் சுற்றிக் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவு சிறிய ஏற்றத்துக்கு மணலைத் தள்ளும் வலு கிடையாது. அதனால் மாசி, பங்குனி, சித்திரையில் மணல் மெல்ல மெல்லச் சேர்ந்து, வைகாசியளவில் தொடுவாய்கள் அநேகமாக அடைபட்டுவிடும். நாலு மாதம் முன்பு ஆளை இழுத்துப்போயிருக்கும் இடத்தில் இப்போது முழங்கால் நனையாமல் நடக்கலாம். கொக்கிளாய் போன்ற பெரிய வாய் முழுதும் மூடாத ஆண்டில் மீனவர் வள்ளம் கைகொடுக்கும். யாத்திரை வைகாசியில் புறப்படுவதற்குப் பஞ்சாங்கம் ஒரு காரணம் என்றால், கரை தானே பாலம் போட்டுக் கொடுக்கும் மாதம் அது என்பது இன்னொரு காரணம். கோவிலின் நாட்காட்டியும் கடலின் நாட்காட்டியும் இங்கே ஒத்துப்போகின்றன.

அப்படியானால் குடிதண்ணீர்? இரு பக்கமும் உப்புநீர் கிடக்கும் ஒரு மணற்கோட்டில் நூறு பேர் என்னத்தைக் குடிப்பார்கள்? அந்த மணலுக்குள்ளேயே இருப்பதைத்தான். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. இந்தச் சிறு வித்தியாசம் போதும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் தேங்கி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை அது உப்புநீரை அழுத்தித் தள்ளிவைக்கும். கீபென் என்ற ஒல்லாந்தரும் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியே கண்ட விதி இது. வன்னிக் கரையின் மணல் வரம்பு ஒடுக்கமானது என்பதால் இங்கே இந்த நன்னீர் வில்லை மிக மெல்லியது. ஆகவே அலையோரத்திலிருந்து விலகி, மணல் உயர்ந்த இடம் பார்த்து, ஆழமாகத் தோண்டாமல், ஒரு சிரட்டை நீர் ஊறினதும் நிறுத்த வேண்டும். ஆசைப்பட்டு ஆழம் தோண்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பழைய சாமிமார் எந்த விதியும் படிக்காமல் இதைத்தான் செய்தார்கள். செம்மலை, அளம்பில் பக்கத்து மீனவரும் இதைத்தான் செய்கிறார்கள்.

இந்த மணல் வரம்பைப் பற்றி எழுதும்போது முள்ளிவாய்க்காலைச் சொல்லாமல் போக முடியாது. அது இதன் மேல்தான் இருக்கிறது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் இலட்சக்கணக்கான மக்கள் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே இந்த ஒடுங்கிய நிலத்தில் அடைபட்டுப் போனார்கள். தப்புவதற்கு மூன்றாவது பக்கம் இல்லாமல் போனது நிலத்தின் இதே வடிவத்தால். 1983க்குப் பின் வடக்கிலிருந்து நடப்பது அறுந்துபோனது. 1988இல் கிழக்கில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். போர் ஓய்ந்தபின்தான் சந்நிதியிலிருந்து நிலையாக நடக்கக்கூடியதாயிற்று. இன்று வைகாசியில் வட்டுவாகலைக் கடக்கும் யாத்திரிகர் பலர் அங்கே வேலைச் சற்றே நிறுத்திவைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளை. கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுதும் அங்கே திரளும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து விளக்கேற்றுவது அதன் மரபு. கதிர்காமம் போகும் குழுவினர் அந்தப் பொங்கலைப் பார்த்துவிட்டுப் போக நாள் கணக்கிட்டு வருவார்கள். அந்நேரம் வெயில் உச்சத்தில் இருக்கும். நாடு முழுதும் தென்மேல் பருவக்காற்று அடிக்கும் காலம் அது. கொழும்பிலும் இரத்தினபுரியிலும் கொட்டுகிறது. முல்லைத்தீவில் ஒரு துளி இல்லை. காரணம் நடுவே நிற்கும் மலை. இந்து சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று 2,500 மீற்றர் உயரமான மலைநாட்டின் மேல் ஏறும்போது குளிர்ந்து, தன்னிடமிருந்த நீரை மேற்குச் சரிவில் கொட்டிவிடும். இப்பால் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறக்குறைய 10 பாகை சூடேறும். சூடேறிய காற்று மேலும் ஈரத்தைத் தேடும். குளத்திலிருந்தும் இலையிலிருந்தும் நடப்பவரின் தோலிலிருந்தும் உறிஞ்சும். கிழக்கில் கச்சான் என்று பெயர் வாங்கிய காற்று இதுதான். இதனால் நன்மையும் உண்டு. காய்ந்த காற்றில் வியர்வை சட்டென்று ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். வெறும் வெயிலில் நாள்முழுதும் நடந்து உயிரோடு இருக்க மனித உடலால் முடிவது இந்த ஒரு வித்தையால். ஆனால் போகும் நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தாக வேண்டும். வழியெங்கும் ஊரவர் யாத்திரிகருக்கு மோரும் கஞ்சியும் ஊற்றுவது புண்ணியத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நடப்பவர் இழந்த உப்பையும் நீரையும் சரியாக ஈடுசெய்யும் உணவு அது.

உள்ளே திரும்பினால் காடு. வன்னிக் காட்டில் தனித்து நிமிர்ந்து நிற்பது பாலை. அதோடு வீரை, முதிரை, கருங்காலி, சமண்டலை, ஆற்றோரத்தில் மருது. இவற்றில் அநேகம் கோடையிலும் இலை உதிர்ப்பதில்லை. ஆண்டுக்கு ஆறு மாதம் மழை இல்லாத நிலத்தில் இலையை வைத்துக்கொண்டிருப்பது ஒரு துணிச்சல். இலை சிறியது, தடித்தது, மேலே மெழுகு பூசியது. நீர் எளிதில் வெளியேறாது. வேர் மண்ணைத் தாண்டிப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி அங்கே தேங்கிய ஈரத்தைப் பிடிக்கும். இன்னொரு வியப்பு, பாலை பழுக்கும் காலம். வெயில் கொளுத்தும் வைகாசி, ஆனியில்தான் அது மஞ்சள் மஞ்சளாகப் பழுத்துச் சொரியும். ஏ9 வீதியோரம் பாலைப்பழம் விற்கும் பிள்ளைகளை அந்த மாதங்களில் காணலாம். காட்டில் வேறு உணவு அருகியிருக்கும் பருவத்தில் பழுப்பதால் குரங்கும் பறவையும் கரடியும் அந்த மரத்தையே நாடிவந்து, விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். 300 கிலோமீற்றருக்கும் அப்பால் யால காட்டில் கரடியை நேரில் காண விரும்புவோர் ஆனி, ஆடியில் போவதும் இதே பாலைப்பழத்தை நம்பித்தான். யாத்திரையின் இரு முனையிலும் ஒரே மரம், ஒரே பருவம். வன்னியில் பழம் பொறுக்கித் தின்ற கால்கள் யாலவில் கரடியோடு அதே பழத்துக்குப் போட்டியிட வேண்டி வரும். அங்கே மரத்தடியில் குனியுமுன் மேலே ஒருதரம் பார்ப்பது நல்லது.

வன்னி தட்டையான நிலம் என்று படித்திருப்போம். முழுதும் அப்படியில்லை. குருந்தூர்மலை, ஒதியமலை, வெடுக்குநாறிமலை என்று காட்டுக்குள்ளிருந்து திடீரென்று பாறைக்குன்றுகள் எழும்பும். அவை மேலே தள்ளப்பட்ட மலைகள் இல்லை. சுற்றியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டு மழையில் உக்கிக் கரைந்து போக, வெடிப்புக் குறைந்த உறுதியான பகுதி மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்த உச்சியில் நிற்பவர் தொலைந்துபோன ஒரு பழைய தரையின் உயரத்தில் நிற்கிறார். குன்றுகளின் மேல் யார் முதலில் கும்பிட்டார்கள் என்று இன்று வழக்கும் வாதமும் நடக்கின்றன. குன்றின் வயதுக்கு முன்னால் எந்த மனித உரிமைக்கோரலும் நேற்று முளைத்தது.

இந்தப் பாறைக்கு உலகப் புவியியலில் ஒரு பெயர் உண்டு: வன்னித் தொகுதி. ஜப்பானிலும் ஜேர்மனியிலும் அந்தாட்டிக்காவை ஆராய்பவரும் இந்தப் பெயரைச் சொல்லியே எழுதுகிறார்கள். அது வந்த கதை சுவையானது. இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. நடுவே மலைநாட்டில் ஒரு பட்டை, அது தென்மேற்கிலிருந்து வடகிழக்கே திருகோணமலைவரை ஓடுகிறது. அதற்கு உயர்நிலத் தொகுதி என்று பெயர். அதன் இரு பக்கமும் தாழ்நிலப் பாறை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் நெடுங்காலம் இரண்டையும் விஜயன் என்ற ஒரே பெயரில் அடக்கி, மேற்கு விஜயன், கிழக்கு விஜயன் என்றார்கள். 1980களின் பிற்பகுதியில் ஜேர்மன், இலங்கைக் கூட்டாய்வு ஒன்று பாறைகளின் நியோடிமியம் ஓரிடத்தனிமங்களை அளந்தபோது உண்மை வெளிவந்தது. மூன்று பட்டைகளும் வெவ்வேறு காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து பிரிந்த வெவ்வேறு பொருள். நடுப்பட்டையின் மூலப்பொருள் 200 முதல் 300 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது; இரு பக்கமும் அதைவிட மிக இளையவை. மேற்கு, வடக்குப் பகுதிக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. வன்னி என்று வைத்தார்கள். சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகாஸ்கர், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக நெருங்கியபோது, இந்த மூன்று துண்டுகளும் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன.

கோடி ஆண்டுகளை எப்படி எண்ணினார்கள் என்று கேட்பவருக்கு விடை அதே யாத்திரைப் பாதையில் கிடக்கிறது. கொக்கிளாய் முகத்துவாரத்தைத் தாண்டினால் புல்மோட்டை. கரை திடீரென்று கறுக்கும். உச்சிவெயிலில் அந்தக் கறுப்பு மணல் வெள்ளை மணலைவிட அதிகம் சூட்டை உறிஞ்சிக் காலைச் சுடும். விடியப்புறமே அதைக் கடந்துவிட வேண்டும். அது இல்மனைட், உருட்டைல், சிர்க்கன் ஆகிய கனமான கனியங்கள் சேர்ந்த மணல். 1957இல் இதற்கென்றே அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. உள்நாட்டுப் பாறை உக்கி ஆற்றோடு வந்த மணலில் இவை ஒரு சிறு பங்குதான். வடகீழ்ப் பருவத்தின் பெரிய அலைகள் அந்த மணலை மீண்டும் மீண்டும் கரையில் ஏற்றி இறக்கும்போது, சுளகில் புடைப்பதுபோல, இலேசான படிகக்கல் துகள் கடலுக்குத் திரும்ப, ஏறக்குறைய இருமடங்கு கனமான கனியம் கரையில் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு மாரியும் புது மணலைப் புடைத்துப் போடுகிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் தைத்தேனியம்தான் உலகின் வெள்ளைப் பூச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

ஆனால் அந்த மணலில் எனக்குப் பெரிதாகப் படுவது சிர்க்கன். ஊசிமுனை அளவுத் துகள். உருகிய பாறையில் சிர்க்கன் படிகமாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் ஏற்கும். ஈயத்தை அநேகமாக ஏற்காது. பூட்டியபின் உள்ளேயிருக்கும் யுரேனியம் தன் கதியில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். யுரேனியம் 238இல் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டு வேண்டும். அந்த வேகம் வெயிலாலோ அழுத்தத்தாலோ மாறாது. ஆகவே உள்ளே சேர்ந்த ஈயத்தை அளந்தால் படிகம் எப்போது பூட்டப்பட்டது என்று தெரியும். பாறை உக்கினாலும் சிர்க்கன் உக்காது. ஆற்றில் உருண்டு, கடலில் அலைந்து, புல்மோட்டையில் ஒரு யாத்திரிகரின் குதிகாலில் ஒட்டும்போதும் அது தன் பிறந்தநாளைச் சுமந்துகொண்டேயிருக்கிறது. இலங்கையின் மாணிக்கச் சரளையிலிருந்து எடுத்த சில சிர்க்கன் கற்களை உலகின் ஆய்வுகூடங்கள் தங்கள் கருவியைச் சரிபார்க்கும் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அவற்றின் வயது 55 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். கொண்டுவானா ஒட்டிய காலம்.

திருகோணமலையில் கோணேசர் நிற்பது உயர்நிலத் தொகுதியின் பாறையில். மலைநாட்டுப் பட்டை கடலை எட்டும் இடம் அது. சற்று உள்ளே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எரிமலை இல்லாத தீவில் வெந்நீர் ஊறுவதற்குக் காரணம், உயர்நிலப் பாறையும் கிழக்கின் விஜயன் பாறையும் மோதிய தையல் இப்பக்கமாக ஓடுவதுதான். உடைந்து நொருங்கிய அந்தப் பகுதியின் வெடிப்புகளுக்குள் மழைநீர் ஆழமாக இறங்கி, பூமியின் இயல்பான சூட்டில் காய்ந்து, விரைவாக மேலே திரும்புகிறது. மகா ஓயாவிலும், தெற்கே மகாபெலஸ்ஸவிலும் உள்ள வெந்நீர் ஊற்றுகளும் இதே தையலை அண்டியவை. சேருவிலவில் செம்பும் காந்தக்கல்லும் கண்டெடுக்கப்பட்டதும் இதன் மேல். வெருகல் ஆற்றைக் கடந்தபின் மட்டக்களப்பு, அம்பாறை எல்லாம் விஜயன் தொகுதி. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஒரே பாறைக் குடும்பத்தின் மேல் நடை.

உகந்தையில் பாறைமேல் முருகனும் வள்ளியும். குன்றின் மேற்பரப்பில் உக்கிக் குழிந்த சுனைகள் கோடையிலும் நீர் வைத்திருக்கும். இங்கே வழமையாக ஆண்டுக்கு ஒருமுறை, சில நாட்களுக்கு மட்டும், அதிகாரிகள் காட்டுப்பாதையைத் திறப்பார்கள். வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தரிப்பிடங்கள் எல்லாம் நீர் கிடைக்கும் இடங்கள். ஆறு வற்றியிருந்தால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பார்கள். மணலால் வடிந்த நீர் ஓரளவு தெளிந்திருக்கும். வற்றும் ஆற்றின் குட்டைகளில்தான் முன்பு மரணமும் இருந்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்பு அத்தகைய தெளிந்த குட்டைகளில் முட்டையிடும். வன்னியைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய கைந்நூலிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வூல்ஃபின் எழுத்திலும் காட்டைக் காட்டிலும் காய்ச்சல்தான் பெரிய பயம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. இன்றைய யாத்திரிகர் முன்னோரைவிட மிகப் பாதுகாப்பாக நடக்கிறார். அந்த வெற்றியைக் கிராமம் கிராமமாக இரத்தம் சோதித்த களப்பணியாளர்கள் நமக்குத் தந்தார்கள்; போர்க்காலத்திலும் அவர்கள் நிறுத்தவில்லை.

காட்டில் நடை விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்குத் தொடங்கும். அதற்கு வானம் ஒத்தாசை செய்கிறது. கதிர்காமக் கொடியேற்றம் அமாவாசையை ஒட்டியது. அதற்கு முந்திய இரு கிழமை தேய்பிறை. தேய்பிறை நிலவு இரவுக்கு இரவு பிந்திப் பிந்தி எழுந்து விடியும்வரை வானில் நிற்கும். குளிர்ச்சியாக நடக்கக்கூடிய அந்தப் பின்னிரவுகளில்தான் வெளிச்சமும் இருக்கிறது.

வெறுங்காலைப் பற்றியும் ஒரு சொல். மாதக்கணக்காக வெறுங்காலில் நடந்தால் உள்ளங்கால் தடித்துப்போகும்; தடித்தால் உணர்ச்சி மரத்துவிடும் என்று நினைப்போம். 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் நிக்கலஸ் ஹோலோவ்கா, டேனியல் லீபர்மன் குழுவினர் கென்யாவில் வெறுங்காலில் நடப்பவரையும் செருப்பணிபவரையும் அளந்து பார்த்தார்கள். காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் கீழிருந்து வரும் தொடுகை குறையவில்லை. செருப்பின் மெத்தைதான் அந்தச் செய்தியை மழுக்குகிறது. சுண்ணக்கல், களப்புச் சேறு, கறுப்பு மணல், சரளை என்று நிலம் மாறும் ஒவ்வொரு முறையும் யாத்திரிகரின் கால் அதை அறிந்துகொள்கிறது.

கடைசியில் கதிர்காமம். அங்கே காத்திருப்பதை முதன்முதல் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. சுற்றிலும் விஜயன் பாறை. நடுவே கதிர்காமத்துக் குன்றுகள் மட்டும் அந்தக் குடும்பமில்லை. அவை உயர்நிலத் தொகுதியின் துண்டு. மோதலின்போது உயர்நிலப் பாறை விஜயனின் மேல் ஏறிக் கிழக்கே வெகுதூரம் போர்த்தியது. பிறகு கோடிக்கணக்கான ஆண்டு மழை அந்தப் போர்வையின் நடுப்பகுதியை அரித்துவிட, கதிர்காமத்திலும் புத்தளையிலும் குடா ஓயாவிலும் மட்டும் தனித்துண்டுகள் மிஞ்சின. புவியியலில் அத்தகைய எச்சத்தைக் கிளிப்பே என்பார்கள். திருகோணமலையில் விட்டுவந்த பாறைக் குடும்பத்தை, வேறொரு பாறையின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்தபின், கதிர்காமத்தில் மீண்டும் மிதிக்கிறார் யாத்திரிகர். கதிரமலைக்கு ஏறுபவர் சுற்றியுள்ள சமவெளியைவிட மூத்த கல்லின் மேல் ஏறுகிறார்.

மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களூடாக 300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பீகோ நடைவழியை 22 கட்டமாக வகுத்து, வரைபடம் போட்டு, உலகையே அழைக்கிறார்கள். நல்ல வேலை. அதைவிட நீளமான, அதைவிட மிகப் பழைய இந்த வழிக்கு வன்னியில் ஒரு மைல்கல்கூட இல்லை. இப்போது பல குழுக்கள் தார்வீதியையே பிடிக்கின்றன. அதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கரைத்தடம் எங்கே போனது, எந்த மணற்கும்பியில் நன்னீர், எந்தத் தொடுவாய் எந்த மாதத்தில் மூடும் என்பது 1983க்கு முன் நடந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களில் இளையவர்களுக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. முல்லைத்தீவில் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சந்நிதியிலிருந்து கொக்கிளாய்வரை ஒரு தரம் மாணவர்களோடு அந்த மூத்த சாமிமாரை அழைத்துப்போய், ஒவ்வொரு நீர்நிலையையும் குறித்து, உப்பளவு பார்த்து, ஒரு வரைபடம் வரையுங்கள். அடுத்த வைகாசிக்குள் தொடங்கினால் இன்னும் கேட்டறிய ஆட்கள் இருப்பார்கள்.